புத்தகம் இலவசம், பராமரிப்பு யார் பொறுப்பு?

கலிபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில், அதாவது இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரியில், புள்ளியியல் நடத்துகிறேன். செமஸ்டரின் முதல் வாரத்தில் மாணவர்கள் என்னிடம் கேட்டுவந்த கேள்வி பல வருடங்களுக்கு ஒன்றேதான்: "பழைய பதிப்பு போதுமா?" படிக்க மனமில்லாமல் கேட்கிற கேள்வி இல்லை அது. இங்கே சமுதாயக் கல்லூரிக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். நான்கு யூனிட் உள்ள என் பாடத்துக்கு 184 டாலர். வசதி குறைந்த மாணவர்களுக்கு அந்தக் கட்டணத்தையும் மாநில அரசே தள்ளுபடி செய்துவிடுகிறது. ஆனால் அந்தத் தள்ளுபடி புத்தகத்துக்குக் கிடையாது. நாங்கள் பரிந்துரைத்த பாடநூலின் புதுப் பிரதி 200 டாலரைத் தாண்டியது. பாடத்தை விடப் பாடநூல் விலை அதிகம் என்ற நிலைமையில்தான் நாங்கள் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தோம்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, 2006 முதல் 2016 வரையிலான பத்தாண்டுகளில் கல்லூரிப் பாடநூல்களின் விலை 88 சதவீதம் ஏறியது. காரணம் ரகசியமில்லை. புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர், காசு கொடுப்பவர் மாணவர். தேர்ந்தெடுப்பவரின் பையிலிருந்து பணம் போகாத சந்தையில் விலை குறைய வேண்டிய அவசியமே இல்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும்; பயிற்சிக் கணக்குகளின் எண்கள் இடம் மாறியிருக்கும், அட்டை மாறியிருக்கும், பாடம் மாறியிருக்காது. நம்மூரில் 'இந்திய துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு' என்று அட்டையில் அச்சிட்ட மலிவுப் பதிப்பை வாங்கிப் படித்தவர்களுக்கு இந்த விலை வித்தியாசம் நன்றாகவே தெரியும். தாய்லாந்திலிருந்து வந்த ஒரு மாணவர் அப்படிப்பட்ட வெளிநாட்டுப் பதிப்புகளை இங்கே வரவழைத்து விற்று, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013இல் மாணவர் பக்கம் தீர்ப்பு வந்தது. பதிப்பகங்கள் அசரவில்லை. அதற்குள் அவர்கள் 'அக்சஸ் கோடு' என்ற வழிக்கு வந்துவிட்டார்கள். ஹோம்வொர்க் இணையத்தில் இருக்கும். உள்ளே நுழைய ஒருமுறை மட்டும் பயன்படும் எண் வேண்டும். அந்த எண்ணைப் பழைய புத்தகக் கடையில் வாங்க முடியாது, அண்ணனிடமிருந்து தம்பிக்குக் கொடுக்கவும் முடியாது.

இந்தச் சூழலில்தான் திறந்த உரிமப் பாடநூல் என்கிற யோசனை எங்கள் பக்கம் வந்தது. எங்கள் துறையைப் பொறுத்தவரை அதற்கு ஒரு நல்ல முன்கதை உண்டு. கூப்பர்டினோவில் உள்ள டி அன்ஸா கல்லூரியின் இரண்டு பேராசிரியைகள், பார்பரா இலோவ்ஸ்கி, சூசன் டீன், தங்கள் மாணவர்களுக்காக ஒரு புள்ளியியல் நூல் எழுதினார்கள். மேக்ஸ்ஃபீல்ட் அறக்கட்டளை அதன் உரிமையை விலைக்கு வாங்கி, யாரும் இலவசமாகப் படிக்கலாம், திருத்தலாம், அச்சடிக்கலாம் என்று பொதுவில் வைத்தது. ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற இலவசப் பாடநூல் பதிப்பகம் அதை அடிப்படையாக வைத்து 2013இல் ஒரு முழுமையான நூலை வெளியிட்டது. இன்று நாங்கள் நடத்துவது அதன் வழியில் வந்த, எங்கள் பாடத்திட்டத்துக்கு ஏற்ப மாற்றிய ஒரு வடிவத்தைத்தான். சமுதாயக் கல்லூரி ஆசிரியர்கள் எழுதிய புத்தகம் பெரிய பல்கலைக்கழகங்களிலும் நடத்தப்படுகிறது என்பதில் எனக்குத் தனிப்பட்ட பெருமை உண்டு. எங்களைப் போன்ற கல்லூரிகளை 'பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாதவர்கள் போகிற இடம்' என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்புறம் அரசுப் பணம் வந்தது. கலிபோர்னியா 2012இல் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. அதிக மாணவர்கள் சேரும் 50 அடிப்படைப் பாடங்களுக்குத் திறந்த நூல்கள், அவற்றுக்கு ஒரு மின்நூலகம் என்பது திட்டம். 2016இல் பாடநூல் செலவே இல்லாமல் ஒரு பட்டத்தை முடிக்க வழிசெய்ய 50 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். 2021இல் அதே நோக்கத்துக்கு 11.5 கோடி டாலர். மாநிலத்தில் உள்ள 116 சமுதாயக் கல்லூரிகளுக்கும் சேர்த்து இது. செய்தி வந்த அன்று ஆசிரியர் அறையில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம், நானும்தான். இன்னொரு சட்டத்தின்படி, புத்தகச் செலவில்லாத வகுப்புகளுக்கு வகுப்பு அட்டவணையில் ஒரு சின்னம் போட வேண்டும். எங்கள் கல்லூரியில் பதிவு தொடங்கியதும் அந்தச் சின்னம் உள்ள வகுப்புகள்தான் முதலில் நிரம்புகின்றன. மாணவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

சரி, பணம் எதற்குப் போனது? பெரும்பாலும் எழுதுவதற்கும், பழைய நூலிலிருந்து புதியதற்கு மாறுவதற்கும். அதாவது முதல் வருடத்துக்கு. இரண்டாம் வருடத்தையும் ஐந்தாம் வருடத்தையும் பற்றி, இந்த நல்கையை (கிராண்ட்) கேட்கும் விண்ணப்பப் படிவத்தில் ஒரு பத்தி எழுதச் சொல்வார்கள். அதற்கென்று பணம் இருக்காது. கோயிலைக் கட்டிக் கும்பாபிஷேகம் நடத்திவிட்டு, அன்றாடப் பூசைக்கு எண்ணெய் யார் வாங்குவது என்று கேட்காமல் போவது போல.

ஒரு பாடநூலைப் பராமரிப்பது என்றால் என்ன வேலை என்று வெளியிலிருப்பவர்களுக்குச் சுலபத்தில் புரிவதில்லை. எழுத்துப்பிழை திருத்துவது என்று நினைக்கிறார்கள். என் வகுப்பில் ஒரு பார்வையற்ற மாணவி இருந்தார். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திரை வாசிப்பு மென்பொருளை நம்மால் பின்தொடரவே முடியாத வேகத்தில் ஓடவிட்டுப் படிப்பார். அத்தியாயம் முழுக்க வரைபடங்கள். மென்பொருள் ஒவ்வொரு இடத்திலும் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விளக்கம் எழுத வேண்டும்.

தரவு எப்படிப் பரவியிருக்கிறது என்று ஒரு பெட்டியும் கோடுகளுமாகக் காட்டும் படம் பாக்ஸ் பிளாட். அப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்துக்குக் காத்திருந்த நேரம். மிகச் சிறிய மதிப்பு 4 நிமிடம், முதல் கால்மானம் (கால் பங்கு மதிப்புகள் இதற்குக் கீழே) 9, இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 12, மூன்றாம் கால்மானம் 18, மிகப் பெரியது 41. இதை அப்படியே எழுதிவிடலாம். ஆனால் படத்துக்குக் கீழே உள்ள கேள்வி, 'இடைநிலை அளவைக் கண்டுபிடி' என்பது. விளக்கத்திலேயே விடை இருந்தால் அந்த மாணவிக்கு அது பயிற்சியே இல்லை. மற்றவர்கள் படத்தைப் பார்த்து யோசிக்கும்போது அவருக்கு மட்டும் நாம் விடையைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அதுவும் ஒருவகை அவமரியாதைதான். அதனால், 'ஓர் எண்கோட்டின் மேல் ஒரு பெட்டி. பெட்டியின் இடது விளிம்பு 9இல், வலது விளிம்பு 18இல், உள்ளே ஒரு செங்குத்துக் கோடு 12இல். இடப்பக்கக் கோடு 4 வரை, வலப்பக்கக் கோடு 41 வரை நீள்கிறது' என்று எழுத வேண்டும். உள்ளே இருக்கும் கோடுதான் இடைநிலை அளவு என்பதை அவரே அறிந்து சொல்ல வேண்டும். ஒரு படத்துக்கு இவ்வளவு யோசனை. புள்ளியியல் தெரியாத ஒருவரால் இதைச் செய்ய முடியாது. கணக்குத் தெரிந்து, வகுப்பில் நின்று பழகிய ஆசிரியர்தான் செய்ய முடியும். ஒரு முழு நூலில் எத்தனை படங்கள் இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அந்த மாணவி நான் எழுதிய விளக்கங்களில் சிலவற்றைத் திருத்தியும் கொடுத்தார். "முதலில் இது என்ன வகைப் படம் என்று சொல்லிவிடுங்கள், எண்கள் அப்புறம் வரட்டும்" என்றார். இப்போது எங்கள் நூலில் எல்லா விளக்கமும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. திறந்த உரிமம் இல்லாத நூலில் இந்தத் திருத்தத்தை நாங்களே செய்திருக்க முடியாது. பதிப்பகத்துக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

வேலை இதோடு முடிவதில்லை. டிவிடி வாடகைக் கடை, வீட்டுத் தொலைபேசி என்று வரும் தரவுகளை மாற்ற வேண்டும். இன்றைய மாணவர்களுக்கு அது வரலாற்றுப் பாடம். வினா வங்கி வேண்டும், ஒவ்வொரு செமஸ்டரும் புதிதாக; விடைகள் ஒருமுறை இணையத்தில் பரவிவிட்டால் பழைய கேள்விகளால் பயனில்லை. தானே திருத்தி மதிப்பெண் போடும் ஹோம்வொர்க் முறையும் வேண்டும். பதிப்பகங்கள் ஆசிரியர்களைப் பிடித்து வைத்திருப்பது புத்தகத்தால் இல்லை, இந்த ஹோம்வொர்க் வசதியால்தான். ஐந்து வகுப்பு எடுக்கிற ஒருவர் அதை விட்டு வரத் தயங்கினால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இங்குள்ள சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பகுதிநேரத்தவர்கள். இரண்டு மூன்று கல்லூரிகளுக்குக் காரில் ஓடி ஓடி வகுப்பெடுப்பவர்கள். எடுக்கிற வகுப்புக்குத்தான் சம்பளம். நூலைத் திருத்த உட்காரும் நேரத்துக்கு இல்லை. எங்கள் குழுவில் மிக நன்றாக எழுதுகிறவர் அப்படிப்பட்ட ஒருவர்தான். நல்கைப் பணம் இருந்தவரை அவருக்கு மணிக்கணக்கில் ஊதியம் கிடைத்தது. பணம் தீர்ந்ததும் அவர் விலகவில்லை, ஆனால் இரவு பதினொரு மணிக்குத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். மாணவருக்குக் கிடைக்கிற இலவசம் இப்படி ஒருவருடைய தூக்கத்திலிருந்து வருவது நியாயமில்லை. இதை நான் துறைக் கூட்டத்தில் சொன்னேன், இங்கும் சொல்கிறேன்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இந்த விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாக யோசித்தது என்று நினைக்கிறேன். 2012 அக்டோபரில், மாணவர்கள் அதிகம் சேரும் 40 பாடங்களுக்குத் திறந்த நூல்கள் வேண்டும் என்று 10 லட்சம் டாலரோடு ஆரம்பித்தார்கள். உடனே எழுத உட்காரவில்லை. ஏற்கனவே உள்ள நூல்களை முதலில் ஆசிரியர்களைப் படித்து மதிப்பிடச் சொன்னார்கள், ஒரு மதிப்பீட்டுக்கு 250 டாலர் கொடுத்தார்கள். தொகை சின்னதுதான். ஆனால் ஆசிரியரின் நேரத்துக்கு விலை உண்டு என்று அரசே ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். மதிப்பிட்டவர்களில் சிலர் அந்த நூலையே வகுப்பில் நடத்தத் தொடங்கவும் அது வழியானது.

அமெரிக்க மத்திய அரசின் பணமும் வந்திருக்கிறது. 2018இல் நாடாளுமன்றம் முதல்முறையாகத் திறந்த பாடநூல்களுக்கென்று 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. அதில் 49 லட்சம், டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர் டெல்மார் லார்சன் தொடங்கிய லிப்ரெடெக்ஸ்ட்ஸ் திட்டத்துக்குப் போனது. வெவ்வேறு நூல்களிலிருந்து அத்தியாயங்களை எடுத்துச் சேர்த்துத் தனக்கு வேண்டிய நூலை ஒருவர் அமைத்துக்கொள்ளும் வசதி அங்கே இருக்கிறது. ஹோம்வொர்க் முறை ஒன்றையும் அவர்களே உருவாக்கினார்கள். பராமரிப்பைப் பற்றி யோசித்த ஒருவரின் வேலை அது. ஆனால் அந்த ஒதுக்கீடு ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டியது. 2023இல் 1.2 கோடி வரை ஏறியது, மறுவருடம் 70 லட்சமாக இறங்கியது. இப்படி ஏறி இறங்கும் பணத்தை நம்பி யாரையும் நிரந்தர வேலைக்கு வைக்க முடியாது.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று சரியாக நடந்திருக்கிறது. கலிபோர்னியா சமுதாயக் கல்லூரிகளின் நிர்வாகக் குழு 2012இலேயே, தங்கள் நல்கையில் உருவாகும் எதுவும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வர வேண்டும் என்று தீர்மானித்தது. எழுதியவர் பெயரைச் சொன்னால் போதும், யாரும் எடுக்கலாம், மாற்றலாம். இதன் பலனை நான் நேரில் பார்த்தேன். வேறொரு கல்லூரிக் குழு நல்கை முடிந்ததும் கலைந்துபோனது. அவர்கள் நூல் இருந்த இணையப் பக்கமும் போய்விட்டது. உரிமம் இருந்ததால் எங்களிடம் இருந்த பிரதியை எடுத்து, அவர்கள் பெயரை முதல் பக்கத்தில் வைத்து, நிகழ்தகவு அத்தியாயத்தை எங்கள் நூலில் சேர்த்துக்கொண்டோம். பொதுப் பணத்தில் எழுதியது பொதுவில் நின்றது.

எங்கள் துறை இந்த வருடம் கல்லூரி நிர்வாகத்திடம் கேட்டிருப்பது ஒரு புது நூலுக்கான பணம் இல்லை. சுழற்சி முறையில் ஒவ்வொரு செமஸ்டரும் ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பைக் குறைத்து, அந்த நேரத்தை நூலுக்குக் கொடுக்க வேண்டும்; பகுதிநேர ஆசிரியர் என்றால் அதே அளவுக்கு ஊதியம் கொடுக்க வேண்டும்; அது கல்லூரியின் வழக்கமான பட்ஜெட்டிலேயே இடம்பெற வேண்டும், நல்கையில் இல்லை. இரவு பதினொரு மணிக்குத் திருத்தம் அனுப்புகிறவரின் பெயரைத்தான் முதல் சுற்றுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.