முருங்கைக்காய் ஏறாத ரயில்

ஒட்டன்சத்திரம் கொங்கு நாட்டில் சேருமா சேராதா என்று யாராவது சண்டைக்கு வந்தால் நான் ஒதுங்கிக்கொள்வேன். மச்சான் அங்கே கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

பொழுது சாயும்போது மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். முருங்கைக்காய் ஏலம் முடிந்து கட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். காய்களை நீளம் பார்த்து அடுக்கி, சாக்கைச் சுற்றி, ஒரு ஆள் முழங்காலால் அழுத்திப் பிடிக்க இன்னொருவர் கயிற்றை இறுக்குகிறார். இறுக்கினாலும் ஒரு காய்கூட நசுங்கவில்லை. கட்டின்மேல் நீல மையில் ஒரு எழுத்து. அது திருச்சூரில் எந்தக் கடைக்குப் போகிறது என்பதற்கு அடையாளமாம். அந்த ஒற்றை எழுத்துதான் அங்கே முகவரி. இப்படிப் பத்துக் கடைக்கான சரக்கு ஒரே லாரியில் ஏறியது. "கேரளா வண்டி" என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். இருட்டியதும் கிளம்பி, விடிவதற்குள் அங்கே இறக்கியாக வேண்டும்.

மார்க்கெட் இருக்கும் ஊரிலேயே ரயில் நிலையமும் இருக்கிறது. அந்தத் தண்டவாளம் நேராகப் பாலக்காடு போகிறது. அப்புறம் ஏன் ஒரு கட்டுகூட ரயிலில் போவதில்லை என்று மச்சானிடம் கேட்டேன்.

"ஏனுங்க மாப்ள, ரயிலு திருச்சூர் மார்க்கெட் வாசல்லயா போய் நிக்கும்? இங்க ஒருக்கா ஏத்தி, அங்க எறக்கி, மறுக்கா வேற வண்டில ஏத்தி... அதுக்குள்ள முருங்கை வெறகாயிடுமுங்க."

அவர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டுதான் மறுநாள் அதே பாதையில் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். காலையில் பழனியில் சென்னை - பாலக்காடு வண்டியைப் பிடித்தேன். பாதிப் பெட்டியில் மலையாளம்தான். பழனியாண்டவருக்கு மொட்டை போட்டுத் திரும்பும் குடும்பங்கள், தலையில் சந்தனம், மடியில் பஞ்சாமிர்த டப்பா. இந்த ரயில் பாதைக்கு முருகனைவிடப் பெரிய வாடிக்கையாளர் கிடையாது.

எதிர் இருக்கையில் ஒரு பாட்டி. சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு. கேரளாதான், ஆனால் வாயைத் திறந்தால் அசல் கோயமுத்தூர்ப் பேச்சு. "சந்தைக்கும் பொள்ளாச்சி, சம்பந்தத்துக்கும் பொள்ளாச்சி. ரேசன் கார்டு மட்டும் அந்தப் பக்கமுங் கண்ணு" என்றார். ரயிலில் அடிக்கடி வருவீர்களா என்றேன். "மீட்டர் கேஜ் இருக்கையில வந்தமுங். இப்ப பஸ்ஸுதான். இன்னிக்கு மொட்டை போட வந்ததால இதுல ஏறினோம்."

அந்த மீட்டர் கேஜ் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போத்தனூர் - பொள்ளாச்சி பாதை 1915-இல் வந்தது. திண்டுக்கல் பக்கமிருந்து 1928-இல் பொள்ளாச்சி வரை தண்டவாளம் போட்டார்கள். அது 1932-இல் பாலக்காட்டைத் தொட்டது. எல்லாம் ஒரு மீட்டர் அகலம். பாலக்காட்டிலும் போத்தனூரிலும் காத்திருந்ததோ அகலப்பாதை. அதனால் மேற்கே போகிற மூட்டையை அங்கே இறக்கி, வேறு வேகனில் ஏற்ற வேண்டும். மச்சான் இன்றைக்குச் சொல்லும் அதே ஏத்தல் எறக்கல்தான். அகலப்பாதையாக்க 2008, 2009-இல் வண்டிகளை நிறுத்தினார்கள். பொள்ளாச்சி - பாலக்காடு 2015 நவம்பரில் திறந்தது, போத்தனூர் பக்கம் 2017-இல். ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஏழாம் வகுப்புக்குப் போகிற காலம். அதற்குள் சனங்கள் பஸ்ஸுக்குப் பழகிவிட்டார்கள், சரக்கு லாரிக்குப் பழகிவிட்டது. பாதை திரும்பி வந்தபோது பழைய வண்டிகள் எல்லாம் திரும்பவில்லை. கோவையிலிருந்து பொள்ளாச்சி வழியாக ராமேஸ்வரம் போன வண்டியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பொள்ளாச்சி தாண்டினால் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. மீனாட்சிபுரத்தில் கேரளா தொடங்குகிறது. தென்னைக்கு அது தெரிவதில்லை. முதலமடை நிலையத்தில் வண்டி நிற்கவில்லை. நடைமேடையைப் பந்தல்போல மூடியிருக்கும் ஆலமரங்களின் நிழல் பெட்டிக்குள் ஒரு நொடி விழுந்து போனது. சுற்றிலும் மாந்தோப்புகள். அப்புறம் கொல்லங்கோடு: வயல், வயலுக்குப் பின்னால் நெல்லியாம்பதி மலை. பாட்டி கண்ணயர்ந்துவிட்டார். எனக்குத் தூங்க மனம் வரவில்லை. ஒரு சரக்கு வண்டியாவது எதிரே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். அன்றைக்கு என் கண்ணில் ஒன்றும் படவில்லை.

காரணம் மர்மம் ஒன்றுமில்லை. ரயில்வேயின் சரக்குக் கணக்கு "ரேக்" கணக்கு. ஒரு ரேக் என்றால் 40-க்கு மேற்பட்ட வேகன், ஏறக்குறைய 2,500 டன். சிமெண்டுக்கும் நிலக்கரிக்கும் அரிசிக்கும் அது சரி. மச்சானுடைய மண்டியிலிருந்து ஒரு ராத்திரிக்குப் போவது இரண்டு லாரி. பத்து வியாபாரி சேர்ந்தாலும் ஒரே ஊருக்குப் போகிற 2,500 டன் முருங்கைக்காய்க்கு எங்கே போவது? அப்படியே சேர்ந்தாலும் திருச்சூரில் விலை என்னவாகும்!

ஆனால் பார்சல் பெட்டி என்று ஒன்று உண்டு. பயணிகள் வண்டியோடு மாட்டிவிடலாம். பெரிய பெட்டி ஒன்றில் 23 டன் ஏறும். மச்சானின் இரண்டு லாரிச் சரக்கு அதில் அடங்கிவிடும். சாயங்காலம் ஏலம் முடிந்தபின் கிளம்பி, விடிவதற்குள் திருச்சூரில் நிற்கிற ஒரு வண்டியும், அங்கே மார்க்கெட்டுக்கு ஓட நான்கு சின்ன டெம்போவும் இருந்தால் கதை மாறும். தண்டவாளம் தயார். நேரம்தான் தயாரில்லை. கால அட்டவணை போடுகிறவர்கள் ஒரு ராத்திரி மண்டியில் வந்து உட்கார வேண்டும் என்பது என் கட்சி.

இது நமக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. திருப்பூர் நண்பன் ஒருவன் எத்தியோப்பியாவில் ஹவாசா ஊர் ஆடைப் பூங்காவில் வேலை பார்த்தான். அந்த நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. பக்கத்து நாடான ஜிபூட்டியின் துறைமுகம்தான் வாசல். அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூட்டிக்கு 750 கிலோமீட்டர் மின்சார ரயில் பாதை போட்டு, 2018 ஜனவரியில் வணிக ஓட்டத்தைத் தொடங்கினார்கள். ஹவாசா அந்தப் பாதையில் இல்லை. பனியன் கண்டெய்னர் முதலில் லாரியில் மோஜோ உலர் துறைமுகத்துக்கு (கடலில்லாத ஊரில் கண்டெய்னர் ஏற்றி இறக்கும் இடம்) வந்து, அங்கேதான் ரயில் ஏற வேண்டும். "அங்கயும் நம்ம ஒட்டன்சத்திரம் பிரச்சனைதான்டா" என்பான்.

பாலக்காட்டில் மதியச் சாப்பாட்டை முடித்தேன். வந்த வழியே உடனே திரும்ப வண்டி இல்லை. சரி, வாளையாறு வழியாகக் கோவை போய்ச் சுற்றி வருவோம் என்று சாயங்கால வண்டியில் ஏறினேன். இது 1862-இலேயே போட்ட பாதை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலில் அறைந்தது. கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலைகள், அதை விட்டால் காடு. வாளையாறுக்கும் எட்டிமடைக்கும் நடுவே இரண்டு தண்டவாளமும் பிரிந்து தனித்தனியாகக் காட்டுக்குள் போகின்றன. 2021 நவம்பரில் நவக்கரை அருகே மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்தது இங்கேதான். 2024 பிப்ரவரியிலிருந்து கோபுரங்களில் கேமரா வைத்து, யானை பாதையை நெருங்கினால் ஓட்டுநருக்குத் தகவல் போகும்படி செய்திருக்கிறார்கள். வேகத்தைக் கூட்டு, வண்டியைக் கூட்டு என்று இவ்வளவு நேரம் பேசிய வாய் அங்கே கொஞ்சம் அடங்கியது.

இதே வாளையாறு சோதனைச் சாவடியில் ஒரு காலத்தில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். எங்கள் சித்தப்பா நூல் லோடோடு ஒன்றரை நாள் கிடந்து, லாரிக்கு அடியிலேயே அடுப்பு மூட்டிச் சோறாக்கிய கதையைக் கல்யாண வீடுகளில் இன்னும் சொல்கிறார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, வரிக்கான சாவடி போனது, லாரி நிற்காமல் பறக்கிறது. ரோட்டில் எல்லை அழிந்துவிட்டது.

எங்கள் வண்டி வாளையாற்றில் சிக்னலுக்காக நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம். போன் அடித்தது, மச்சான்.

"எங்கைங்க மாப்ள இருக்கீங்க?"

"வாளையாறு. சிக்னல் போடல."

"நேத்து நீங்க பாத்த வண்டி திருச்சூர்ல எறக்கிட்டு, கோயமுத்தூருக்கு ஒரு லோடு புடிச்சிருக்கு. டிரைவர் இப்பத்தான் கூப்ட்டான், வாளையாறு தாண்டிட்டானாமுங்க."