பன்னிரண்டு வரி

நவம்பர் 10, திங்கள்

வந்த கதைகளில் பாதி, "திடுக்கிட்டு விழித்தான், அத்தனையும் கனவு" என்று முடிகின்றன. மிச்சத்தில் பேய், விபத்து, தூக்கு. குறுங்கதை என்றாலே கடைசி வரியில் ஆளைத் தூக்கிப் போட வேண்டும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். வார இதழ்களின் ஒரு பக்கக் கதைகள் ஊட்டி வளர்த்த நம்பிக்கை. இதை உடைக்காமல் வேறெதுவும் நடக்காது.

கரும்பலகையில் எழுதியது: கனவு கிடையாது. சாவு கடைசி வரியில் கிடையாது. முதல் வரியில் வரலாம். அங்கே வந்தால், அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடந்தது என்று எழுதியே ஆக வேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

சொல் எண்ணுவதில் தகராறு. 55 சொல் கதை என்பது 1987இல் கலிபோர்னியாவில் நியூ டைம்ஸ் என்ற வாரப் பத்திரிகை நடத்திய போட்டியிலிருந்து பரவியது. தலைப்பு கணக்கில் சேராது. அந்த விதியை அப்படியே தமிழ் வகுப்பில் வைத்தால் இடிக்கிறது. ஒருவன் "பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்று சேர்த்தெழுதி ஒரு சொல் என்கிறான். அடுத்த பெஞ்சில் ஒருத்தி அதையே பிரித்தெழுதி மூன்று என்கிறாள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கைக்குப் பயந்து ஒட்ட ஆரம்பித்தால் வாக்கியம் மூச்சு முட்டிச் சாகும்.

அதனால் சொல்லை விட்டு வரிக்கு வந்தாயிற்று. கோடு போட்ட லாங் சைஸ் நோட்டில் பன்னிரண்டு வரி. ஓரக்கோட்டைத் தாண்டக் கூடாது. எழுத்துப் பெரியவர்களுக்கு ஐம்பது சொல், சிறியவர்களுக்கு எழுபது. அந்த வித்தியாசம் பரவாயில்லை.

தலைப்பு இலவசம். யாரும் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. "பாசம்", "ஏமாற்றம்" என்றே வைக்கிறார்கள். ஊரும் கிழமையும் தலைப்புக்குப் போனால் உள்ளே ஒரு வரி மிச்சமாகும்.

நவம்பர் 12, புதன்

தக்காளிக் கதை. வகுப்பில் ஒருத்தி எழுதியது இது:

"என் அப்பா ஒரு ஏழை விவசாயி. கஷ்டப்பட்டுத் தக்காளி பயிரிட்டார். பாலக்கோடு மார்க்கெட்டில் விலை போகவில்லை. வரும் வழியில் ரோட்டோரம் கொட்டினார். அவர் மனம் வேதனையில் துடித்தது. விவசாயியின் கண்ணீரை யார் துடைப்பார்?"

முதல் இரண்டு வாக்கியத்தையும் அடித்தாயிற்று. பெரும்பாலும் எல்லோருக்கும் இதே வைத்தியம்தான்: கதை மூன்றாவது வாக்கியத்தில்தான் தொடங்குகிறது, முன்னால் இருப்பது தொண்டையைச் செருமுவது. பிறகு "ஏழை", "கஷ்டப்பட்டு", "வேதனை". அவை படிப்பவர் தானாக அடைய வேண்டிய இடம். எழுதுகிறவரே சொல்லிவிட்டால் படிப்பவருக்கு வேலை இல்லை. கடைசிக் கேள்வி மேடைக்கு உரியது. மிஞ்சியவை இரண்டு வாக்கியங்கள்.

வெட்டுவது சுலபம். வெட்டிய இடத்தில் என்ன வைப்பது என்பதில்தான் பிள்ளைகள் கைவிடப்படுகிறார்கள். உணர்ச்சிச் சொல் ஒன்றை எடுத்தால், அந்த நேரத்தில் கை என்ன செய்தது என்று கேட்க வேண்டும்.

"கொட்டின பிறகு அப்பா என்னம்மா செஞ்சார்?"

"கூடையெல்லாம் கழுவினார் ஐயா. வாடகைக் கூடை. அழுகல் ஒட்டியிருந்தா திருப்பி எடுத்துக்க மாட்டாங்க."

"இதை ஏன் எழுதலை?"

"அது கதை இல்லையே ஐயா."

நவம்பர் 13, வியாழன்

நடுகல் பார்க்கப் பிள்ளைகளை அகழ்வைப்பகத்துக்கு, அதாவது தொல்பொருள் காட்சியகத்துக்கு, கூட்டிப்போக அனுமதி இன்னும் வரவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

விழா. வகுப்பு இல்லை. கூடையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

அனுமதிக்குக் காத்திருந்தால் பருவமே முடிந்துவிடும். நடுகல்லைப் பலகையிலேயே வரைந்தாயிற்று. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன, இந்தப் பிள்ளைகள் தினமும் பஸ்ஸில் அந்த ஊரைத் தாண்டித்தான் வருகிறார்கள். பாடத்துக்கு எடுத்துக்கொண்டது செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளுக்காகச் சண்டையிட்டு ஒருவன் இறந்தான். கோவிவன் என்ற அவன் நாய் கள்ளரைக் கடித்துக் காத்திருந்தது. அவ்வளவுதான். ஆண்டு, ஆள், செயல், நாய்.

அவன் வீரன் என்று கல் சொல்லவில்லை. ஊர் அழுதது என்றும் இல்லை. கல்லில் வெட்டுகிறவனுக்கு ஒவ்வொரு எழுத்தும் உளிவேலை. அப்படியும் நாயின் பெயருக்கு இடம் கொடுத்திருக்கிறான்.

பெயர் விதி இங்கிருந்து வந்தது: பன்னிரண்டு வரியில் ஒரு பெயர், மிஞ்சினால் இரண்டு. யாருக்குப் பெயர் என்பதை யோசித்து வை. மற்றவர்களுக்கு உறவுமுறை போதும். "சித்தி" என்று எழுதினால் ஒரு குடும்ப வரலாறே கூட வருகிறது.

நவம்பர் 18, செவ்வாய்

வினைமுற்று. கதை முழுக்க மாமா "வந்தார்", "சாப்பிட்டார்". பதினோராம் வரியில் "போனான்". வேறு விளக்கம் வேண்டாம், மரியாதை போன இடம் அதுதான். வகுப்பு ஒரு நொடி அமைதியானது, பிறகு எல்லோரும் இதையே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கதைக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது.

ராயக்கோட்டைப் பக்கத்துப் பையன், வீட்டில் தெலுங்கு. பாட்டி பேசுவதை எப்படி எழுத என்று கேட்டான். ஒரே ஒரு வரியைத் தெலுங்காகவே, தமிழ் எழுத்தில் எழுது. அடுத்த வரியில் யாராவது அதற்குப் பதில் சொல்லட்டும், பொருள் அங்கே விளங்கிவிடும்.

நவம்பர் 19, புதன்

ஹெமிங்வே எழுதியதாகச் சொல்லும் குழந்தைக் காலணி விளம்பரக் கதையை ("விற்பனைக்கு: குழந்தைக் காலணிகள், ஒருபோதும் அணியாதவை") ஒருவன் வாட்ஸ்அப்பிலிருந்து கொண்டுவந்தான். அவர் எழுதியதற்குச் சான்று கிடையாது, அதைச் சொல்லியாயிற்று. ஆனால் அது ஏன் நிற்கிறது என்பது பாடம்: விளம்பரத்தின் உருவத்தை இரவல் வாங்கியிருக்கிறது. விளம்பரத்தில் யாரும் அழ மாட்டார்கள்.

நம்மிடம் என்னென்ன உருவம் இருக்கிறது? கண்ணீர் அஞ்சலி பேனர், வட்டிக்கடைச் சீட்டு, மொய் நோட்டு. மொய் நோட்டுதான் ஜெயித்தது. ஊர், பெயர், தொகை. மூன்று பத்திக்குள் ஒரு கல்யாணம் முழுவதும் அடங்குகிறது. பின்பெஞ்சில் ஒருத்தி ஐந்து வரி எழுதினாள். நாலு வரி மாமன் மச்சான்கள், 501, 1,001. ஐந்தாவது: "மாரண்டஅள்ளி. பெயர் எழுத வேண்டாம் என்றார். 5,001."

அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி எடுத்துப் படிக்கிறேன்.

நவம்பர் 20, வியாழன்

கடைசி வரியை விரலால் மூடு. மேலே இருப்பது தனியாக நின்றால் அந்த வரி வேண்டாம். மேலே எதுவுமே மிஞ்சாவிட்டால் நீ எழுதியது விடுகதை.

நவம்பர் 21, வெள்ளி

கதைகளைக் குட்டிப் புத்தகமாக அச்சிடுவது. ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும். எட்டாக மடித்து நடுமடிப்பில் கீறினால் எட்டுப் பக்கப் புத்தகம். ஒரு பக்கம் 74க்கு 105 மில்லிமீட்டர். அட்டை இரண்டும் போக ஆறு கதை. மேல் வரிசை நான்கு பக்கமும் தலைகீழாக வர வேண்டும், இல்லையென்றால் மடித்த பிறகு பாதி கவிழ்ந்து கிடக்கும். எழுத்து பத்துப் புள்ளி. எழுபது சொல்லைத் தாண்டினால் ஓரம் வெட்டுப்படுகிறது.

நவம்பர் 24, திங்கள்

தக்காளிக் கதை திரும்ப வந்தது.

"பாலக்கோடு, சனிக்கிழமை

ரோட்டோரம் வண்டியை நிறுத்தினார் அப்பா. நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கடைசிக் கூடை காலியானதும் மாடு ஒன்று வந்தது. விரட்டவில்லை. ஏரியில் கூடைகளைக் கழுவினோம். எண்ணினார். பதினெட்டு. 'சரியா இருக்கு' என்றார். அவர் கண்களில் கண்ணீர்."

கடைசி வாக்கியம் சனிக்கிழமை எழுதியபோது இல்லை. அக்கா சேர்க்கச் சொன்னாளாம், இல்லாவிட்டால் யாருக்கும் புரியாதாம். அடித்துவிடலாம், ஒரு நொடி வேலை. ஆனால் அடிப்பது அவள் கையாக இருக்க வேண்டும். ஆசிரியர் அடித்த வரி அடுத்த கதையில் மறுபடி முளைக்கும்.

நாளை மூன்றாவது பிரிவேளை, பி பிரிவு. அவர்கள் இதைக் கேட்டதில்லை. பாதிப் பேருக்குக் கண்ணீர் வரியோடும் பாதிப் பேருக்கு அந்த வரி இல்லாமலும் அவளே படிக்கட்டும். பிறகு ஒரே கேள்வி: அப்பாவுக்கு என்ன ஆச்சு?