குன்னூர் கார் ஷெட்டில் ஈரத்தோடு மல்லுக்கட்டு: இதுவரை செய்தவை

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் ஷெட்டில் இரும்புக்குக் கெட்ட காலம். உளிகளில் செம்புள்ளி, இழைப்புளியின் அடியில் துரு, தரை எந்நேரமும் பிசுபிசுப்பு. தச்சு வேலைக்குப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கருவிகள். மனசு கேட்கவில்லை.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி, மறுநாள் வரை விட்டேன். தாளுக்கு அடியில் ஈரம் கோத்தால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம். மேலே நின்றால் காற்றிலிருந்து படிவது. எனக்கு மேலேதான் முத்து முத்தாக நின்றது, அடி காய்ந்திருந்தது. ஆக, தரைக்கு வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் தேவையில்லை.

இரவில் குளிர்ந்த கான்கிரீட் சீக்கிரத்தில் சூடேறாது. காலையில் உள்ளே வரும் காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், சுமார் 16 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். அதனால் மூடுபனி நேரத்தில் ஷட்டரைத் திறந்து வைப்பது ஈரத்தை விருந்துக்குக் கூப்பிடுவதுதான். மதியம் வெயில் அடித்துத் தரையும் கொஞ்சம் சூடான பிறகே திறக்கிறேன். நனைந்த காரும் வெளியே வடிந்த பிறகே உள்ளே வருகிறது.

கருவி அலமாரியில்தான் நல்ல பலன். அடித்தட்டில் ஒரு 40 வாட் குண்டு பல்பு, மரத்தில் படாமல் கம்பிக் கூண்டுக்குள். 15 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்று சுமார் 58 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 60க்குக் கீழே இருந்தால் துரு வேகம் நன்றாகக் குறையும். இந்த மழைக்கு உளிகள் பளிச்சென்று இருக்கின்றன. மண்ணெண்ணெய் அடுப்பு வைக்கச் சொன்னார்கள். வேண்டவே வேண்டாம்: ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஷெட்டுக்குள்ளேயே சேரும்.

அப்புறம் தகரக் கூரை. தெளிந்த இரவில் தகரம் வெளிக்காற்றை விடக் குளிர்ந்து, உள்பக்கம் சொட்டும். பட்டறை மேசைக்கு மேலே மட்டும் ஃபோம் பலகையை இடைவெளி விடாமல் ஒட்டி, இணைப்புகளை டேப்பால் அடைத்திருக்கிறேன். பின்னால் காற்று புகுந்தால் பலகைக்கு மேலேயே நீர் கோக்கும். ஒட்டிய பகுதியில் சொட்டு நின்றுவிட்டது. கார் நிற்கும் பக்கக் கூரையும் ஷட்டர் அடியில் ரப்பர் பட்டையும் பாக்கி.