சீனி கரைத்துக் குடித்தும் ஏறாத சர்க்கரை

நீரிழிவோடு 11 ஆண்டுகளாக வாழ்கிறேன். கிளிமிபிரைடு, மெட்பார்மின், வோக்ளிபோஸ் ஆகிய மூன்றும் சேர்ந்த மாத்திரையை உணவுக்குச் சற்று முன் எடுத்துக்கொள்வது என் வழக்கம். சென்ற ஆடி அமாவாசையன்று, தர்ப்பணம் கொடுத்து, படையலிட்டு, காக்கைக்குச் சோறு வைத்த பிறகே சாப்பிட வேண்டும் என்றிருந்தும், பழக்கத்தில் காலை 8 மணிக்கே அதை விழுங்கிவிட்டேன்.

பதினொன்றரை மணிக்கு முதுகெல்லாம் வியர்த்தது, விரல்கள் நடுங்கின. இலை நறுக்கியாயிற்றா என்று கேட்ட மனைவியிடம் காரணமின்றி எரிந்து விழுந்தேன். அந்த எரிச்சலும் சர்க்கரை இறங்கியதன் அறிகுறிதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது. குளுக்கோமீட்டரைக் கொண்டுவந்து விரலில் குத்திப் பார்த்தார். 58 காட்டியது. 70க்குக் கீழே இறங்கினாலே உடனே கவனிக்க வேண்டும்.

மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். 15 நிமிடம் கழித்துப் பார்த்தபோது 57 இருந்தது. பயந்துபோய் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். நான் சாப்பிடும் மாத்திரையின் பெயரைக் கேட்டதுமே அவர், "சீனி வேண்டாம், குளுக்கோஸ் பவுடர் கொடுங்கள்" என்றார். சீனி குடலில் உடைந்து குளுக்கோஸாக மாறிய பிறகே இரத்தத்தில் சேர முடியும். அப்படி உடைக்கும் நொதியைத்தான் வோக்ளிபோஸ் தடுக்கிறது. குளுக்கோஸுக்கு அந்த வேலையே இல்லை, நேராகச் சேர்ந்துவிடும். இத்தனை ஆண்டுகளில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த குளுக்கோஸில் 15 கிராம் அளவு குடித்தேன். அடுத்த 15 நிமிடம் காத்திருந்ததுதான் மிகக் கடினம், ஏனெனில் கண்ணில் பட்டதையெல்லாம் தின்னச் சொல்லி உடம்பு கெஞ்சும். 84 வந்ததும் சோறு உண்டேன். ஆனாலும் பசி அடங்காமல் பாயசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்ததால் மாலையில் 286 ஆனது. தலைவலியும் அசதியும் இரவுவரை நீடித்தன. கிளிமிபிரைடு நெடுநேரம் வேலை செய்யும் என்பதால், மறுபடியும் இறங்கக்கூடும் என்று எச்சரித்த மருத்துவர், படுக்கும் முன்னும் விடியற்காலையிலும் பரிசோதிக்கச் சொன்னார். மறுவாரம் மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

இப்போது சட்டைப் பையிலும் தலைமாட்டிலும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. சுவையூட்டிய வகைகளில் சீனி கலந்திருக்கலாம் என்பதால், பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தே வாங்குகிறோம். நான் நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108ஐ அழைக்க வேண்டும் என்று மகனுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தை அமாவாசைக்கு முதல் நாளே மருத்துவரிடம் கேட்டு, காலை மாத்திரையைச் சாப்பாட்டு வேளைக்குத் தள்ளிவைத்தேன். அன்று காக்கைக்குச் சோறு வைக்க ஒரு மணி ஆகியும் கை நடுங்கவில்லை.