508 வந்தால் பிளானை மாற்றாதீர்கள், லாகைப் பாருங்கள்

பலருடைய தளங்கள் ஒன்றாக ஓடும் ஷேர்டு சர்வரில் 508 பிழையைப் பார்த்ததும் பேண்ட்வித் (தளம் அனுப்பக்கூடிய டேட்டா அளவு) தீர்ந்துவிட்டதாக நினைத்துப் பெரிய பிளானுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பேண்ட்வித் தீர்ந்தால் பெரும்பாலும் வருவது 509. கிளவுட்லினக்ஸ் (ஒவ்வொரு கணக்குக்கும் வரம்பு வைக்கும் இயங்குதளம்) சர்வரில் 508 வந்தால், ஒரே நேரத்தில் ஓடும் என்ட்ரி ப்ராசஸ் (தளத்துக்கு வரும் கோரிக்கையைக் கையாளும் ப்ராசஸ்) வரம்பு நிரம்பியதா என்று முதலில் பாருங்கள்.

வரம்பு 20 என்றால் 20 பேர்தான் பார்க்க முடியும் என்றில்லை. பிஎச்பி பக்கம் அரை விநாடியில் முடிந்தால் விநாடிக்கு 40 கோரிக்கை தாங்கும். டேட்டாபேஸ் இழுத்து 4 விநாடி ஆனால் வெறும் 5. சிபியு வரம்பும் இப்படித்தான் வேலையைக் காட்டும்: பக்கம் மெதுவாகும், ப்ராசஸ்கள் தேங்கும், கடைசியில் 508. அதனால் தயாரான பக்கத்தைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் பேஜ் கேஷ்தான் முதல் மருந்து.

அடுத்து, ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலின் ரிசோர்ஸ் யூசேஜ் வரைபடத்தில் வரம்பு முட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதே நிமிடத்து ஆக்சஸ் லாகை (வந்த கோரிக்கைகளின் பதிவை) திறங்கள். உள்நுழைவு (login) பக்கத்துக்கோ, வேர்ட்பிரஸ்ஸை வெளியிலிருந்து இயக்க உதவும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்புக்கோ ஒரே ஐபியிலிருந்து போஸ்ட் கோரிக்கைகள் வரிசையாக நின்றால், அதைத் தடுங்கள். வேர்ட்பிரஸ்ஸின் உள் கிரானை (குறித்த நேரத்து வேலைகளைத் தானாக ஓட்டும் வசதியை) அணைத்து, சர்வர் கிரானில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விடுங்கள்.

பேண்ட்வித் எளிய கணக்கு: 2 எம்பி பக்கம், தினம் 500 பார்வை, மாதம் சுமார் 30 ஜிபி. படங்களைச் சுருக்கி, மற்ற தளங்கள் உங்கள் படங்களை நேரடியாக இழுத்துக் காட்டாதபடி ஹாட்லிங்க் தடுப்பையும் போட்டுவிடுங்கள்.