ஆம்னியின் இடப்பக்கக் கதவு: ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள்

கடலூரில் எங்கள் வீட்டிலிருந்து கடல் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஜன்னல் கம்பி, கேட்டு, சைக்கிள் என்று எதை வாங்கி வைத்தாலும் உப்புக் காற்று தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அப்பாவின் 2004 மாடல் மாருதி ஆம்னி வேனும் அதற்குத் தப்பவில்லை. 2019இல் 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தோம். அடுத்த ஐந்து வருஷம் 2024இல் முடிய இருந்தது. மறுபடி ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்ட வேண்டும். இன்ஜினைப் பற்றிக் கவலை இல்லை. முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்த 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின் இன்னும் ஒரே சாவியில் எடுக்கும். கவலையெல்லாம் இடது பக்க ஸ்லைடிங் டோர்தான்.

வெளியே பார்த்தால் அடிப்பகுதியில் பெயின்ட் கொஞ்சம் உப்பியிருந்தது, அவ்வளவுதான். கட்டை விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. பெயின்டைச் சுரண்டிப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பட்டறையில் இதே இடத்துக்கு வேலை பார்க்கக் கொடுத்திருந்தோம். துருவை வெட்டி எடுக்காமல் மேலேயே ஒரு தகரத்தை ஒட்டி, பள்ளத்தை நிரப்பும் பட்டியை விரல் கனத்துக்குப் பூசியிருக்கிறார்கள். அதோடு கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்காக இருக்கும் ஓட்டைகளையும் அதே பட்டியால் அடைத்திருக்கிறார்கள்.

எந்தக் கார் கதவும் உள்ளே காலியான ஒரு பெட்டி. கண்ணாடி ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும், அதை முழுசாகத் தடுக்க முடியாது. அதனால்தான் கம்பெனியிலேயே அடியில் ஓட்டை விடுகிறார்கள். அதை அடைத்துவிட்டால் கதவு ஒரு தொட்டி. வெளித்தகரம் உள்சட்டத்தின் மேல் மடங்கி நிற்கும் விளிம்பு ஒன்று அடியில் ஓடுகிறதே, அந்த மடிப்புக்குள் தண்ணீர் நின்று நின்று, எங்கள் கதவு உள்ளேயிருந்து வெளியே அரித்துக்கொண்டு வந்திருக்கிறது. நாம் பெயின்ட் உப்பலைப் பார்க்கும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும்.

அடிப்பகுதியை வெட்டிவிட்டு 22 கேஜ் ஷீட்டில் புதிதாக மடித்து வெல்டிங் வைக்கலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். எங்கள் தெருவில் முப்பது வருஷம் டிங்கரிங் வேலை பார்த்து ஓய்ந்திருக்கும் பாய் வந்து டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். "சட்டமே போயிடுச்சு தம்பி. எதுல வெல்டு புடிக்கிறது? வேற கதவு பாரு" என்றார். புதுப்பேட்டைக்குப் போவது அப்படித்தான் முடிவானது.

முதல் ஞாயிறு: புதுப்பேட்டை

மாருதி வேன் என்று 1984இல் வந்து, 1988இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019இல் உற்பத்தி நின்ற வண்டி இது. முப்பத்தைந்து வருஷம் ஓடிய வண்டிக்குக் கதவு கிடைக்காமல் போகாது என்ற தைரியத்தில் எழும்பூரில் இறங்கி நடந்தேன். சென்னையில் பழைய உதிரி பாகம் என்றால் கூவம் கரையோரம் இருக்கும் புதுப்பேட்டைதான். சந்து சந்தாகக் கதவு, பானெட், பம்பர் என்று தனித்தனியாக அடுக்கி வைத்திருப்பார்கள். எனக்கு அங்கே எவ்வளவு நேரம் இருந்தாலும் அலுக்காது.

பாய் இரண்டே அறிவுரை சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்று, காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போ. இரண்டாவது, கதவை நிமிர்த்தி நிற்கவைத்துப் பார்க்காதே, படுக்கப்போட்டு அடிப்பக்கத்தைப் பார்.

முதல் கடையில் பளபளவென்று ஒரு வெள்ளைக் கதவு. ஒரு கீறல் இல்லை. நாலாயிரம் சொன்னார். காந்தத்தை மேலிருந்து தடவிக்கொண்டே வந்தேன். நடுப்பகுதி வரை நன்றாக இழுத்தது. அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் காந்தம் வழுக்கி விழுந்தது. உள்ளே இரும்பு இல்லை, பட்டிதான். எங்கள் வீட்டுக் கதவின் அண்ணன் அது. இன்னும் மூன்று கடைகளில் இதே கதை. ஆம்னி ஸ்லைடிங் டோர் எல்லாமே அடியில்தான் முதலில் போகும் போல.

ஐந்தாவது கடையில் ஒரு நீலக் கதவை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். நடுவில் தாம்பாளத் தட்டு அளவுக்குப் பெரிய ஒடுக்கு, தகரத்தில் அழுத்தி எடுத்த பக்கவாட்டுக் கோடு உடைந்து மடிந்திருந்தது. யாரும் திரும்பிப் பார்க்காத கதவு. படுக்கப்போட்டுப் பார்த்தேன். அடி மடிப்பு முழுதும் கம்பெனி சீலன்ட் அப்படியே இருந்தது, தண்ணி ஓட்டைகள் திறந்திருந்தன. ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினால் கணீரென்று சத்தம். "அத விடுங்க சார், அடி வாங்குன கதவு. உங்களுக்கு வேற நல்லதா காட்டறேன்" என்று கடைக்காரரே சொன்னார். எனக்கு அதுதான் வேண்டும் என்றேன். 2,800க்கு முடிந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பழைய கதவு வாங்கப் போகிற எல்லோரும் நேரான கதவைத் தேடுகிறோம். ஒடுக்கு என்பது இடம் மாறிய இரும்பு, தட்டினால் திரும்பி வரும். துரு என்பது இல்லாமல் போன இரும்பு. சுத்தியலால் அதை வரவழைக்க முடியாது.

கடைக்காரரிடம் பில் கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய பாகம் வாங்கும்போது அது கட்டாயம் கையில் இருக்க வேண்டும். சென்னைக்கு லோடு ஏற்றி வந்துவிட்டுக் காலியாகத் திரும்பிய குட்டியானை ஒன்றில் 700 ரூபாய்க்குக் கதவு கடலூர் வந்து சேர்ந்தது.

இரண்டாவது ஞாயிறு: ஒடுக்கு எடுத்தது

உள்பக்க அட்டையைக் கழற்றினால் சட்டத்தில் கை நுழையும் அளவுக்குத் திறப்புகள் இருக்கின்றன. அது வழியாக டாலி என்கிற கையடக்க இரும்புக் கட்டையை உள்ளே பிடித்து வெளியே சுத்தியலால் தட்டுவதுதான் வேலை. நான் நேராகக் குழியின் நடுவில் உள்ளேயிருந்து குத்தப் போனேன். பாய் கையைப் பிடித்துக்கொண்டார். "அடி வாங்குறப்ப கடைசியா எது மடிஞ்சுச்சோ அத மொதல்ல எடு" என்றார்.

ஒடுக்கு விழும்போது நடு முதலில் உள்ளே போகிறது, அதன் இழுப்பில் சுற்றிலும் ஒரு மேடு எழும்புகிறது. அந்த மேடுதான் குழியைப் பூட்டி வைத்திருக்கிறது. ஓர மேட்டை வெளியேயிருந்து மெல்லத் தட்டி, அதே நேரம் குழிக்கு உள்பக்கம் டாலியை அழுத்திப் பிடித்தால் நடுப்பகுதி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி வருகிறது. ஓங்கி அடிக்கவே தேவையில்லை. இரண்டரை மணி நேரத்தில் முக்கால் பங்கு வந்துவிட்டது. உடைந்த பக்கவாட்டுக் கோட்டை மட்டும் மழுங்கின உளி ஒன்றை உள்ளே வைத்துத் தட்டித் தட்டி நிமிர்த்தினோம்.

மீதி இருந்தது ஒரு உள்ளங்கை அளவு இடம். விரலால் அழுத்தினால் எண்ணெய் டின் மூடி போல டொப் என்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். அடி வாங்கின வேகத்தில் தகரம் நீண்டுவிட்டது, அதனால் இடம் போதாமல் துள்ளுகிறது. இதற்குத் தட்டுவது மருந்து இல்லை, தட்டத் தட்ட இன்னும் நீளும். பாய் கேஸ் டார்ச்சால் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தை மட்டும் சிவக்கச் சுட்டு, இரண்டு தட்டு தட்டி, ஈரத்துணியை வைத்து அழுத்தினார். உஸ்ஸென்று ஆவி. தகரம் சுருங்கிவிட்டது. மூன்று இடத்தில் இப்படிச் செய்ததும் துள்ளல் நின்றது. நான் ஒரு இடத்தில் செய்து பார்த்தேன். டார்ச்சை ஒரு நொடி அதிகம் வைத்ததால் அந்த இடம் லேசாகக் குழிந்தது. அதைச் சரி செய்ய இன்னும் அரை மணி நேரம் ஆனது. வேலை முடிந்ததும் பாய் கூலி வாங்க மறுத்தார். கேஸுக்கென்று 500 ரூபாயை அவர் பையனிடம் கொடுத்தேன்.

மூன்றாவது ஞாயிறு: பட்டி

உள்வேலைக்கு முதலிடம். கதவின் உள்ளே இருந்த தூசியை ஊதி, லேசாகத் துரு பிடித்திருந்த இடங்களில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி தடவினேன். டார்ச் சுட்ட இடங்களில் பின்பக்கப் பெயின்ட் எரிந்திருக்கும். வெளியே எவ்வளவு அழகாக முடித்தாலும் அந்த இடம் ஆறே மாதத்தில் துருப் பிடிக்கும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கை விட்டு ப்ரைமர் பூசினேன்.

அப்புறம் பட்டி. எலுமிச்சை அளவு பட்டிக்குப் பட்டாணி அளவு ஹார்ட்னர். ஜூலை வெயிலில் நாலு நிமிஷத்தில் இறுகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலந்தேன். எங்குமே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகவில்லை. 80 நம்பர் எமரியில் ஆரம்பித்து 180, 320 என்று தேய்த்தேன். இங்கே பெரும்பாலும் தண்ணீர் விட்டுத்தான் பட்டி தேய்க்கிறார்கள். தூசி பறக்காது, வேலை சுலபம். ஆனால் பட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், பின்னால் பெயின்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். நான் மாஸ்க் போட்டுக்கொண்டு காய்ந்த நிலையிலேயே தேய்த்தேன். தண்ணீர் தொட்டது ப்ரைமருக்கு மேல் மட்டுமே.

மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். மெல்லிய துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்துத் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும். ப்ரைமர் அடித்தபின் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து தூவி, 400 நம்பர் பேப்பரை மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தேன். பள்ளத்தில் மட்டும் கறுப்பு நின்றது. கோட்டுக்குக் கீழே இரண்டு இடம் அப்படிப் பிடிபட்டது.

நான்காவது ஞாயிறு: பெயின்ட்

ஆர்.சி.யில் உள்ள நிறமே இருக்க வேண்டும் என்பதால் மாருதியின் சுப்பீரியர் வைட், நிறக் குறியீடு 26யூ. கலவைக் கடையில் வண்டியின் பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். இருபது வருஷ வெயிலில் வெள்ளை கொஞ்சம் பழுத்திருந்ததால் அதற்கேற்ப ஒரு துளி மஞ்சள் சேர்த்தார்கள். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூகே பெயின்ட் நீண்ட நாள் நிற்கும், உண்மைதான். ஆனால் அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, அதற்கேற்ற காற்றுக் குழாய் மாஸ்க் என்னிடம் இல்லை. அதனால் தின்னர் கலந்து அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் எடுத்தேன்.

ஒரு தப்பு செய்தேன். காலையில் மழை பெய்து விட்டிருந்தது, சாயங்காலம் காற்று நன்றாக இருக்கிறதே என்று ஸ்ப்ரே கன்னை எடுத்துவிட்டேன். தின்னர் ஆவியாகும்போது தகரம் குளிர்கிறது, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. கதவு முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல மங்கிவிட்டது. மறுநாள் லீவு போட்டு, 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து, பதினோரு மணி வெயில் ஏறியபின் தென்னை மர நிழலில் மறுபடி மூன்று கோட் அடித்தேன். இந்த முறை பளிச்சென்று வந்தது.

ஐந்தாவது ஞாயிறு: மாட்டியது

ஆம்னி கதவு மூன்று ரோலரில் ஓடுகிறது. மேலே ஒன்று, கீழே படிக்கு அருகில் ஒன்று, வண்டியின் வெளிப்பக்கத் தண்டவாளத்தில் ஒன்று. மேல் ரோலர் கதவு சாயாமல் பிடிக்கிறது. எடையைக் கீழ் ரோலரும் நடு ரோலரும் சுமக்கின்றன. பழைய கதவைக் கழற்றும் முன் பிராக்கெட்டுகளைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவைத்தேன். அடியில் மரக்கட்டை வைத்துத் தாங்கலாக நிறுத்தி, தம்பி ஒரு பக்கம் பிடிக்க, நடு ரோலரைத் தண்டவாளத்தின் பின்முனை வழியாக உருவினோம். ஒருவர் செய்கிற வேலை இல்லை இது.

ரோலர் செட் புதிதாக வாங்கினேன், 600 ரூபாய். தண்டவாளத்தில் கடல் மணலும் பழைய கிரீஸும் சேர்ந்து அரைத்த மாவு போல இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, விரல் நுனியால் லேசாக மட்டும் புது கிரீஸ் தடவினேன். நிறைய வைத்தால் மறுபடி மணலைப் பிடிக்கும்.

போட்டுவைத்த கோடுகளில் பொருத்தியும் கதவு பின்பக்கம் தொங்கியது, பூட்டு மேலே இடித்தது. வேறொரு வண்டியில் ஓடிய கதவு, அளவு கொஞ்சம் மாறத்தான் செய்யும். பூட்டுக்கொக்கியைக் கீழே இறக்கினால் கதவு பூட்டிக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு முறையும் ரோலர்தான் அந்த இழுப்பைத் தாங்கும். அதனால் கொக்கியைக் கழற்றிவைத்துவிட்டு, ரோலர்களை மட்டும் வைத்து நாலு பக்க இடைவெளியும் சமமாக வரும்வரை திருகினேன். கொக்கியைக் கடைசியாக மாட்டினேன். கதவு ஓரத்தில் தண்ணீர் நுழையாமல் தடுக்கும் 750 ரூபாய் பீடிங் ரப்பர் போட்டபின் ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் இறுக்கமாக வந்தது, முன் மூலை ஒன்றில் மட்டும் சும்மா உருவிக்கொண்டது. அங்கே ரப்பர் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை.

பட்டி, ப்ரைமர், பெயின்ட், எமரி எல்லாம் 2,350. மொத்தம் 7,700 ரூபாய்.

கடைசியாகக் கதவின் உள்ளே மெழுகு ஸ்ப்ரே அடித்தேன். அடித்து முடித்துக் குனிந்து பார்த்தால் வழிந்த மெழுகு இரண்டு தண்ணி ஓட்டைகளை மூடியிருந்தது. சைக்கிள் கம்பி ஒன்றை விட்டுத் திறந்தேன். அப்பா ஹோஸ் பைப்பை எடுத்து வந்து கண்ணாடிமேல் ஐந்து நிமிஷம் தண்ணீர் அடித்தார். சீட் பக்கம் ஒரு துளி இல்லை. கதவுக்கு அடியில் சிமென்ட் தரையில் சொட்டுச் சொட்டாக ஒரு ஈரக் கோடு விழுந்துகொண்டிருந்தது.