காலின் பீட்டர்சன்: விவசாய மசோதாவுக்கு 218 வாக்கு சேர்த்தவர்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 435 பேர். விவசாயிகளை நம்பியே வாக்குக் கேட்க வேண்டிய தொகுதிகள் அவற்றில் சொற்பம். ஆனாலும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பெரிய விவசாய மசோதா அங்கே நிறைவேறியாக வேண்டும். அதற்கு 218 வாக்கு வேண்டும். மீதி வாக்கை எங்கிருந்து கொண்டுவருவது, அதற்கு ஈடாக எதைக் கொடுப்பது என்ற கணக்கிலேயே முப்பது ஆண்டு கழித்தவர் மினசோட்டா 7ஆம் தொகுதியின் காலின் பீட்டர்சன். அவரை மிதவாதி என்பார்கள். யாரையும் பகைத்துக்கொள்ளாத சாதுவான மனிதர் என்ற பொருளில் அதை எடுத்துக்கொண்டால் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. அவருடைய மிதவாதம் ஒரு வேலைத்திறன்.

முதலில் ஊர். மினசோட்டாவின் மேற்கு ஓரம் முழுக்க, கனடா எல்லையிலிருந்து தெற்கே நீளும் தொகுதி அது. வடக்குப் பகுதி ரெட் நதிப் பள்ளத்தாக்கு. பனியுகத்து ஏரி வற்றிப்போன அடித்தளம் என்பதால் தரை மேசை போலச் சமதளம், மண் கரிய களிமண். சர்க்கரைக் கிழங்கு (சர்க்கரை எடுக்கும் ஒருவகை பீட் கிழங்கு, சர்க்கரைவள்ளி அல்ல), கோதுமை, சோயா விளையும். தெற்கே போகப் போக மக்காச்சோளம், பால் பண்ணை, வான்கோழிப் பண்ணை. பீட்டர்சன் 1944இல் ஃபார்கோவில் பிறந்து, பேக்கர் என்ற சிற்றூரின் பண்ணையில் வளர்ந்தவர். படித்தது மூர்ஹெட்டில்; தொழில், கணக்குத் தணிக்கை. இந்தத் தணிக்கையாளர் புத்திதான் பின்னாளில் அவர் எழுதிய சட்டப்பிரிவுகள் எல்லாவற்றிலும் தெரியும். 1977 முதல் பத்தாண்டு மாநில செனட்டில் இருந்தார். நாடாளுமன்றத்துக்கு 1984இல் நின்று தோற்றார். 1986இல் வெறும் 121 வாக்கில் தோற்றார். 1988இல் சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே தோற்றார். 1990இல் ஒருவழியாக வென்றார். அத்தனை பெரிய தொகுதியைச் சுற்றிவரச் சிறிய விமானம் ஒன்றைத் தானே ஓட்டிப் போவார்.

அவர் ஜனநாயகக் கட்சிக்காரர். துப்பாக்கி உரிமையிலும் கருக்கலைப்பிலும் தொகுதி மக்களின் பக்கம் நின்றவர். 1995இல் ‘புளூ டாக்’ என்ற பழமைவாத ஜனநாயகவாதிகள் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2004இல் டெக்சஸின் சார்லி ஸ்டென்ஹோம் தோற்றதும் விவசாயக் குழுவில் அவருடைய கட்சியின் மூத்த உறுப்பினரானார். 2007இல் குழுத் தலைவரானார்.

இனி, அந்த மசோதா எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அது தெரியாமல் இவரைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

1973 முதல் ஃபுட் ஸ்டாம்ப் என்ற உணவு உதவித் திட்டமும் பயிர் ஆதரவும் ஒரே மசோதாவில் வருகின்றன. செலவில் முக்கால் பங்குக்கு மேல் உணவு உதவிக்கே போகிறது. நகரத்து உறுப்பினர் உணவு உதவிக்காகப் பயிர் மானியத்துக்கு வாக்களிப்பார். கிராமத்து உறுப்பினர் பயிருக்காக உணவு உதவியைப் பொறுத்துக்கொள்வார். இதுதான் அச்சாணி. இன்னொரு பாதுகாப்பும் உண்டு. புதிய மசோதா வராமல் பழையது காலாவதியானால், 1938, 1949 ஆண்டுகளின் நிரந்தரச் சட்டங்கள் தாமாகவே உயிர்பெறும். அவற்றில் விலை, 1910–14 காலத்தின் வாங்கும் சக்தியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பாலுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் அரசு அன்றைய சந்தை விலையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கொடுத்து வாங்க வேண்டிவரும். 2013 ஜனவரி 1 நெருங்கியபோது இதே பயத்தில்தான் அவசர நீட்டிப்பு கொடுத்தார்கள். பழைய சட்டத்தை ஒழிக்காமல் வைத்திருப்பதே, புதியதை எழுதாமல் யாரும் தப்பக் கூடாது என்பதற்காகத்தான்.

தொகுதியின் உயிர்நாடி சர்க்கரை. மூர்ஹெட்டைத் தலைமையகமாகக் கொண்ட அமெரிக்கன் கிரிஸ்டல் சர்க்கரை நிறுவனத்தை 1973இல் கிழங்கு விவசாயிகளே சேர்ந்து வாங்கிவிட்டார்கள். நம் கூட்டுறவு ஆலைகளில் உறுப்பினராகிக் கரும்பைப் பதிவு செய்வார்கள். அங்கே, கையில் உள்ள பங்குக்கு இத்தனை ஏக்கர் என்று கிழங்கு நடும் உரிமையும் கடமையும் சேர்ந்தே வரும். அக்டோபர் தொடங்கியதும் இரவும் பகலும் அறுவடை. கிழங்கை வெட்டவெளியில் மலைபோல் குவித்து, குளிரில் உறையவிட்டு, வசந்தம் வரை ஆலைக்கு அனுப்புகிறார்கள். அக்டோபரில் வெயில் அடித்தால் குவியல் சூடேறி அழுகும். மழையும் முன்கூட்டிய உறைபனியும் சேர்ந்தால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். 2019இல் இரண்டாவது நடந்தது. அப்போது பேரிடர் உதவி, கூட்டுறவு ஆலைகளின் வழியாக உறுப்பினர்களுக்குப் போகும்படி விதி அமைந்ததில் பீட்டர்சனின் கை உண்டு. நஷ்டத்தை ஆலை மட்டத்தில்தான் சரியாக அளக்க முடியும் என்பது அதன் நியாயம்.

சர்க்கரைத் திட்டத்துக்கு மூன்று கால்கள். முதலாவது கடன். சர்க்கரையை ஈடாக வைத்து ஆலை அரசிடம் கடன் வாங்கும். விலை விழுந்தால் சர்க்கரையை அரசிடமே விட்டுவிட்டுக் கடனிலிருந்து விடுபடலாம். 2018 சட்டத்தில் கச்சா கரும்புச் சர்க்கரைக்குப் பவுண்டுக்கு 19.75 சென்ட், கிழங்குச் சர்க்கரைக்கு அதன் 128.5 சதவீதம், அதாவது 25.38 சென்ட். கடன் வாங்கும் ஆலை விவசாயிக்குக் குறைந்தபட்ச விலை கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டாவது விற்பனை ஒதுக்கீடு: உள்நாட்டுத் தேவையில் குறைந்தது 85 சதவீதம் உள்நாட்டு ஆலைகளுக்கு, அதில் கிழங்குக்கு 54.35, கரும்புக்கு 45.65 சதவீதம். மூன்றாவது இறக்குமதி வரம்பு. மூன்றில் ஒன்று ஓட்டையானாலும் மற்ற இரண்டும் தாங்காது. 2008 முதல் மெக்சிகோ சர்க்கரைக்கு வரம்பில்லாமல் கதவு திறந்தது. 2013இல் விலை சரிந்து ஆலைகள் சர்க்கரையை அரசின் தலையில் கட்டின. உபரியை எத்தனால் ஆலைகளுக்கு விற்கும் வழியை 2008 சட்டம் ஏற்கனவே எழுதி வைத்திருந்தது. அரசு நஷ்டத்தில்தான் விற்றது, ஆனால் சந்தை வெள்ளக்காடாகவில்லை. இந்தத் திட்டத்தின் சுமை கடைசியில் மிட்டாய், ரொட்டி வாங்குகிறவர் மேல்தான் விழுகிறது. அந்த விமர்சனம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஆனால் ஆலையே விவசாயியின் சொத்தாக உள்ள ஊரில் அதைக் காப்பாற்றாமல் ஒரு உறுப்பினர் இருக்க முடியாது.

2008 மசோதாவில் ஒரு விபத்து. அதிபர் புஷ் மே 21 அன்று வீட்டோ செய்தார். பிரதிநிதிகள் சபை 316–108, செனட் 82–13 என்று வீட்டோவை முறியடித்தன. பிறகுதான் தெரிந்தது: பார்ச்மென்ட் தாளில் அச்சிட்டு வெள்ளை மாளிகைக்கு அனுப்பியபோது மூன்றாம் பகுதி, வர்த்தகமும் வெளிநாட்டு உணவு உதவியும் அடங்கிய 34 பக்கம், அப்படியே விடுபட்டிருந்தது. அதிபர் கையில் கிடைத்ததைத்தானே வீட்டோ செய்தார்? ஆகவே 15 பகுதிகளில் 14 மட்டுமே சட்டம். முழு மசோதாவையும் மறுபடி நிறைவேற்றி, மறுபடி வீட்டோ வாங்கி, ஜூன் 18 அன்று மறுபடி முறியடித்தார்கள். சொந்த அதிபரின் வீட்டோவை இரண்டு முறை மீறக் குடியரசுக் கட்சிக்காரர்கள் அத்தனை பேர் முன்வந்தார்கள் என்பதே குழு எந்த அளவுக்கு இரு பக்கமும் பேசி எழுதியது என்பதற்குச் சான்று.

2009இல் புவியைச் சூடாக்கும் வாயுக்களின் வெளியேற்றத்துக்கு உச்சவரம்பு வைக்கும் வாக்ஸ்மன்–மார்க்கி மசோதா வந்தது. பீட்டர்சன் தன் பின்னால் நின்ற கிராமத்து வாக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசினார். மண்ணில் கரிமம் சேர்க்கும் விவசாயிக்கான வரவுக் கணக்கைச் சுற்றுச்சூழல் முகமை பார்க்கக் கூடாது, விவசாயத் துறை பார்க்க வேண்டும் என்றார். எத்தனாலுக்காக வேறு நாட்டில் காடு அழிந்தால் அதையும் இங்கே கணக்கில் ஏற்றும் விதியை ஐந்தாண்டு தள்ளிப்போட வைத்தார். இரண்டும் கிடைத்தன, வாக்களித்தார். 219–212 என்று மசோதா தப்பித்தது, பிறகு செனட்டில் மடிந்தது. அடுத்த ஆண்டு ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தார். 2010 தேர்தலில் புளூ டாக் குழு 54இலிருந்து 26 ஆகச் சுருங்கியது. பக்கத்துத் தொகுதியில் போக்குவரத்துக் குழுத் தலைவர் ஜிம் ஓபர்ஸ்டாரே தோற்றார்; வடக்கு, தெற்கு டகோட்டா உறுப்பினர்கள் இருவரும் தோற்றார்கள். பீட்டர்சன் நின்றார்; சபை குடியரசுக் கட்சியின் கைக்குப் போனதால் குழுத் தலைமைதான் போயிற்று.

அவருடைய மிகப் பெரிய சறுக்கலும் மிக நல்ல திருத்தமும் பால் திட்டத்தில் நடந்தவை. பழைய முறை பால் விலையை மட்டும் பார்த்தது. 2009இல் பால் விலை சரிந்த நேரத்தில் தீவனச் செலவு இறங்கவில்லை. விலைக்கும் தீவனச் செலவுக்கும் உள்ள இடைவெளியைக் காப்பீடு செய்வோம், சந்தையில் பால் மிஞ்சினால் உற்பத்தியைக் குறைக்கவும் வைப்போம் என்பது அவருடைய யோசனை. 2013 ஜூன் 20 அன்று சபையில் உற்பத்திக் கட்டுப்பாட்டை 291–135 என்று வெட்டி எறிந்தார்கள். அதே நாளில் ஃபுட் ஸ்டாம்புக்கு வேலை நிபந்தனை, அதாவது உதவி பெற வேலை பார்த்தாக வேண்டும் என்ற விதி, சேர்க்கும் திருத்தமும் ஏறியது. அவர் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்த ஜனநாயகக் கட்சி வாக்குகள் கரைந்து 24 ஆயின. செலவு அதிகம் என்று 62 குடியரசுக் கட்சியினரும் எதிர்த்தார்கள். 195–234; மசோதா விழுந்தது. அடுத்த மாதம் குடியரசுக் கட்சி உணவு உதவியைப் பிரித்து, பயிர்ப் பகுதியை மட்டும் 216–208 என்று நிறைவேற்றியது. தன் விவசாயிகளுக்கே வேண்டிய அந்த மசோதாவுக்கு எதிராகப் பீட்டர்சன் வாக்களித்தார். பிரிந்தால் அடுத்த முறை யார் வாக்களிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். 2014 பிப்ரவரியில் இரண்டையும் மீண்டும் சேர்த்தே சட்டமாக்கினார்கள்.

ஆனால் பால் காப்பீடு ஊனமாகப் பிறந்தது. செலவைக் குறைக்கத் தீவனக் கணக்கில் பத்து சதவீதத்தை வெட்டியிருந்தார்கள். ஆகவே காகிதத்தில் லாபம் எப்போதும் நிஜத்தைவிட அதிகமாகத் தெரிந்தது. இரண்டு மாதச் சராசரி எடுத்ததால் ஒரு மோசமான மாதம் அடுத்த மாதத்துக்குள் மறைந்துபோனது. விவசாயிகள் பிரீமியம் கட்டினார்கள், இழப்பீடு வரவில்லை. அதிகப் பாதுகாப்பு வாங்குவதையே விட்டுவிட்டார்கள். 2018இல் சரிசெய்தார்கள். கணக்கு மாதாமாதம். முதல் 50 லட்சம் பவுண்டு பாலுக்கு, 100 பவுண்டுக்கு 9.50 டாலர் வரை காப்பீடு. பிரீமியம் 15 சென்ட். 100 மாடு, மாட்டுக்கு ஆண்டுக்கு 24,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 95 சதவீதத்தைக் காப்பீடு செய்தால் 22.8 லட்சம் பவுண்டு. ஆண்டுப் பிரீமியம் 3,420 டாலர். ஐந்து ஆண்டுக்கும் உறுதி கொடுத்தால் கால் பங்கு தள்ளுபடி. ஒரு மாதம் இடைவெளி 8.50க்கு இறங்கினால் அந்த மாதத்துக்கு 1,900 டாலர் கைக்கு வரும். ஏறத்தாழ இருநூறு மாடு வரை உள்ள பண்ணையைக் குறிவைத்தே அந்த 50 லட்சம் வரம்பு. சிறு பண்ணைக்கு ஏதாவது செய்தோம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் உண்மையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய சில விதிகளில் இது ஒன்று என்பேன்.

2018இலும் வேலை நிபந்தனைச் சண்டை வந்தது. பீட்டர்சன் பேச்சை நிறுத்திக்கொண்டார். மே மாதம் அவருடைய கட்சியில் ஒருவர்கூட ஆதரிக்காமல் மசோதா 198–213 என்று விழுந்தது. ஜூனில் 213–211 என்று தப்பியது. செனட் அந்த நிபந்தனை இல்லாமல் எழுதியதே டிசம்பரில் நிலைத்தது: 369–47. மிதவாதி எந்த நேரத்தில் அசையக் கூடாது என்பதற்கு அந்த ஏழு மாதத்தைப் பாடமாகப் படிக்கலாம்.

தொகுதி அதற்குள் மாறியிருந்தது. 2016இல் டிரம்ப் அங்கே முப்பது புள்ளிக்கு மேல் முன்னிலை. பீட்டர்சன் ஐந்து புள்ளியில் தப்பினார். 2019இல் மீண்டும் குழுத் தலைவர். அந்த டிசம்பரில் டிரம்ப் மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டு இரண்டையும் எதிர்த்து வாக்களித்தார். 2020இல் மிஷெல் ஃபிஷ்பாக்கிடம் பதின்மூன்று புள்ளியில் தோற்றார். சர்க்கரைக் கடனும் பால் காப்பீடும் யார் எழுதியது என்று தெரிந்த விவசாயிகளே பலர் மாற்றி வாக்களித்திருக்க வேண்டும். இல்லையேல் அந்த எண்ணிக்கை வராது.

2018 சட்டத்துக்கு 2023இல் காலம் முடிந்தது. நீட்டிப்பு மேல் நீட்டிப்பு. 2025 ஜூலையில் குடியரசுக் கட்சி தனியாக நிறைவேற்றிய வரவுசெலவுச் சட்டத்துக்குள் கச்சா சர்க்கரைக் கடன் விகிதத்தை 24 சென்டுக்கும், பால் வரம்பை 60 லட்சம் பவுண்டுக்கும் உயர்த்திக்கொண்டார்கள். அதே சட்டத்தில் உணவு உதவியை வெட்டினார்கள். விவசாயிக்கு வேண்டியது முன்கூட்டியே கிடைத்துவிட்டது, நகரத்து உறுப்பினருக்கு வேண்டியது போய்விட்டது. விவசாயக் கடன், ஆராய்ச்சி, ஊரக வளர்ச்சி என்று அந்தச் சட்டத்தில் முழுதாக இடம்பெறாத பகுதிகளுக்கு இனி 218 பேரைத் தேடுகிறவர், எதைக் காட்டி நகரத்து உறுப்பினரின் கதவைத் தட்டுவார்?